பாத்திரத்தோடு சேர்த்து நிறுக்கலாமா?



நெய்யோ நல்லெண்ணெயோ நிறுத்து விற்கும் கடையைப் பார்த்திருக்கிறீர்களா? வாங்க வந்தவர் தூக்குப் பாத்திரத்தை நீட்டுவார். கடைக்காரர் உடனே எண்ணெயை ஊற்றிவிட மாட்டார். முதலில் வெறும் பாத்திரத்தைத் தராசின் ஒரு தட்டில் வைப்பார். அதற்கு ஈடாக மறு தட்டில் கல்லோ இரும்புத் துண்டோ வைத்து, தராசு முள்ளை நடுவில் நிறுத்துவார். இதற்குத் 'தடை கட்டுதல்' என்று பெயர். அதன் பிறகுதான் எடைக்கல்லை வைத்து எண்ணெயை நிறுப்பார். இன்றைய மின்னணுத் தராசில் இந்த வேலையை ஒரு பொத்தான் செய்துவிடுகிறது. பாத்திரத்தின் எடைக்கும் சேர்த்துக் காசு கேட்டால் வாங்குபவர் சும்மா இருப்பாரா?

கடைத்தெருவில் இத்தனை விழிப்பாக இருக்கும் நாம், பள்ளி ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் இதை மறந்துவிடுகிறோம். அங்கே நாம் அளக்கும் பொருள் மின்தடை. அதை அளவியோடு சேர்க்கும் இணைப்புக் கம்பிதான் பாத்திரம். கம்பிக்கும் மின்தடை உண்டு. ஆனால் அந்தப் பாத்திரத்துக்குத் தடை கட்டுபவர் மிகச் சிலரே. "இணைப்புக் கம்பிகளின் மின்தடை புறக்கணிக்கத்தக்கது" என்று ஒரு வரியைப் படித்துவிட்டுக் கடந்து போகிறோம். அந்த ஒரு வரியை நம்பலாமா, எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதைப் பற்றி உங்களோடு பேசவே இதை எழுதுகிறேன்.

செம்பு இரும்பான கதை

வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் செம்புக் கம்பியில் 5 மீட்டர் எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்குவெட்டுப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர். செம்பின் தன்மின்தடை ஏறத்தாழ 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். நீளத்தால் பெருக்கிப் பரப்பால் வகுத்தால், இந்தக் கம்பியின் மின்தடை 0.057 ஓம் என்று கிடைக்கும். அதாவது 57 மில்லி ஓம்.

இப்போது சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை எடுத்து, 200 ஓம் அளவில் வைத்து, அதன் இரு முனைகளைக் கம்பியின் இரு நுனிகளில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் 0.3 ஓம் என்று காட்டும். அந்த 0.3 ஓமை வைத்துக்கொண்டு தன்மின்தடையைத் திரும்பக் கணக்கிடுங்கள். 9 × 10⁻⁸ ஓம் மீட்டர் வரும். இந்த எண்ணோடு பாடநூலின் அட்டவணையைப் புரட்டினால், அது செம்பின் மதிப்புக்கு அருகில் இராது. இரும்பின் மதிப்புக்கு அருகில் இருக்கும்! செம்பு நிறத்தில் கண் முன்னே கிடக்கும் கம்பியை உங்கள் கணக்கு இரும்பாக்கிவிட்டது.

இந்த இடத்தில் மாணவர் என்ன செய்கிறார்? உண்மையைச் சொல்கிறேன், நானே என்ன செய்தேன் என்று சொல்கிறேன். மாணவனாக இருந்தபோது எனக்கும் ஏறத்தாழ இப்படித்தான் ஒரு விடை வந்தது. பாடநூலின் மதிப்பைப் பார்த்தேன். அதற்கு ஏற்றபடி என் அட்டவணையின் எண்களைப் பின்னாலிருந்து முன்னால் கணக்கிட்டு நிரப்பினேன். செய்முறை ஏட்டில் சிவப்பு மையில் 'சரி' என்ற குறி விழுந்தது. அளவி அன்று எனக்கு ஓர் உண்மையைச் சொல்ல முயன்றது. அதன் வாயை நான் பொத்திவிட்டேன். அந்த 0.3 எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கேட்டிருந்தால், பாடநூலில் இல்லாத ஒன்றை அன்றே கற்றிருப்பேன்.

அந்த 0.3 எங்கிருந்து வந்தது?

மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடச் செய்யுங்கள். இடையில் பொருள் எதுவும் இல்லை. ஆகவே சுழி காட்ட வேண்டும் அல்லவா? பெரும்பாலும் காட்டாது. 0.1, 0.2, சில நேரம் 0.5 ஓம்கூடக் காட்டும். அதுதான் வெறும் பாத்திரத்தின் எடை.

இதில் இரண்டு பங்குகள் உள்ளன. முதலாவது, கம்பியின் மின்தடை. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகள், அரை சதுர மில்லிமீட்டர் பரப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 0.07 ஓம். மெல்லிய கம்பியானால் இன்னும் கூடும். இரண்டாவது, தொடுமின்தடை. இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருப்பதாக நம் கண்ணுக்குத் தோன்றினாலும், அவை உண்மையில் சில சிறு மேடுகளில்தான் தொடுகின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தச் சிறு வாயில்கள் வழியாக நெருக்கிக்கொண்டு செல்ல வேண்டும். அங்கே ஆக்சைடு படலமும் கைவியர்வையும் அழுக்கும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா! கம்பி நுனியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இணைக்கச் சொல்லி உங்கள் ஆசிரியர் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டில் தொடுமின்தடையே பொல்லாதது. கம்பியின் மின்தடை இன்றும் நாளையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். தொடுமின்தடையோ முனையை அழுத்திப் பிடித்தால் குறையும், தளர விட்டால் கூடும். ஒரே பொருளை மூன்று முறை அளந்து மூன்று விடைகள் பெறுவது இதன் வேலை.

புறக்கணிக்கலாமா, கூடாதா?

'அப்படியானால் மல்டிமீட்டரை நம்பவே கூடாதா?' என்று கேட்கத் தோன்றும். அப்படியன்று. வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் 1000 ஓம் மின்தடையாக்கியை அளக்கிறீர்கள் என்றால், 0.2 ஓம் என்பது பத்தாயிரத்தில் இரண்டு பங்கு. அந்த மின்தடையாக்கியே 5 சதவீதம் ஏற்ற இறக்கத்தோடு விற்கப்படுவது. அங்கே கம்பியைப் பற்றிக் கவலைப்படுவது, நெல் மூட்டையை நிறுக்கும்போது சணலின் எடையைப் பற்றிக் கவலைப்படுவது போன்றதுதான்.

ஆனால் 10 ஓம் பொருளில் அதே 0.2 ஓம் 2 சதவீதப் பிழை. 1 ஓம் பொருளில் 20 சதவீதம். நம் செம்புக் கம்பியிலோ, பொருளைவிடப் பிழை மூன்றரை மடங்கு பெரிது. கம்பி மாறவில்லை, அளவி மாறவில்லை, அளக்கப்படும் பொருள்தான் மாறியது. ஆகவே 'புறக்கணிக்கத்தக்கது' என்ற சொல் எங்கும் எப்போதும் உண்மையாகும் சொல் அன்று. எதனோடு ஒப்பிட்டு என்று சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு.

கழித்தால் போதுமா?

கடைக்காரர் செய்வது போல நாமும் தடை கட்டலாம். முனைகளைச் சேர்த்து முதலில் ஓர் அளவீடு. பொருளை வைத்து இரண்டாவது அளவீடு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்துவிட வேண்டும். விலை உயர்ந்த சில மல்டிமீட்டர்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. சில ஓம் அளவுள்ள பொருள்களுக்கு இது நல்ல முறை. செலவில்லாத முறை. ஒவ்வொரு மாணவரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியது.

இருந்தாலும் இதற்கு ஓர் எல்லை உண்டு. நம் செம்புக் கம்பியில் 0.3 காட்டியது. முனைகளைச் சேர்த்தபோது 0.2. கழித்தால் 0.1 ஓம். உண்மை மதிப்பு 0.057 அல்லவா? ஏன் இன்னும் பொருந்தவில்லை? அந்த மல்டிமீட்டர் காட்டக்கூடிய மிகச் சிறிய படியே 0.1 ஓம்தான். முதல் அளவீட்டுக்கும் இரண்டாவதற்கும் இடையில் நம் கை அழுத்தம் மாறினாலும் கடைசி இலக்கம் புரண்டுவிடும். அளவியின் இயல்பும் பார்க்க வேண்டியது. அந்த அளவில் அது பொருளின் வழியே அனுப்பும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு. அதனால் 57 மில்லி ஓமில் உண்டாகும் மின்னழுத்தம் ஒரு மில்லி வோல்ட்டில் இருபதில் ஒரு பங்கு அளவே. அதை அந்தச் சிறு கருவி எப்படி உணரும்?

பத்துக் கிலோ அண்டாவில் ஒரு கிராம் குங்குமப்பூவைப் போட்டு, அரிசிக் கடைத் தராசில் நிறுப்பது போன்றது இது. எத்தனை முறை தடை கட்டினாலும் குங்குமப்பூவின் எடை தெரியப் போவதில்லை. வேறு வழி வேண்டும். அண்டாவைத் தராசில் ஏற்றாமலே குங்குமப்பூவை நிறுக்கும் வழி வேண்டும்.

கெல்வின் காட்டிய வழி

அந்த வழி நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நமக்குத் தெரிந்ததுதான். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர், அதைக் காட்டினார்.

அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் தந்திக் கம்பி போட முயன்றுகொண்டிருந்த காலம் அது. 1857இல் தாம்சன், கம்பி செய்யும் செம்பின் பல மாதிரிகளை அளந்து பார்த்தார். கடையில் எல்லாம் 'செம்பு' என்ற ஒரே பெயரில்தான் விற்றன. மின்சாரத்தைக் கடத்துவதிலோ அவற்றுக்கிடையே பெரும் வேறுபாடு இருந்தது. சிறிதளவு கலப்படமும் செம்பின் கடத்துதிறனைப் பெரிதும் குறைத்துவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கம்பியைக் கடலில் இறக்கிய பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. கையளவு மாதிரியை மேசைமேல் வைத்தே தரத்தைச் சொல்ல வேண்டும். ஆனால் குட்டையான, தடித்த செம்புத் துண்டின் மின்தடை மிக மிகச் சிறியது. அன்று புழக்கத்தில் இருந்த வீட்ஸ்டன் சமனச் சுற்றில் அதைச் சேர்த்தால், இணைப்பின் மின்தடை பொருளின் மின்தடையை விழுங்கிவிடும். 1861இல் தாம்சன் இதற்கு ஒரு விடை தந்தார். அதுவே இன்று கெல்வின் இரட்டைச் சமனச் சுற்று எனப்படுகிறது.

அந்தச் சுற்றின் முழு விவரத்தை மேல்வகுப்பில் படிப்பீர்கள். அதன் உயிர்நாடியான கருத்து மிக எளியது. மின்னோட்டத்தைக் கொண்டுபோகும் வேலையையும், மின்னழுத்தத்தை அளக்கும் வேலையையும் ஒரே இணை கம்பியிடம் ஒப்படைக்காதீர்கள். இரண்டு வேலைக்கும் தனித்தனியே இரண்டு கம்பிகள் வையுங்கள். மொத்தம் நான்கு. அதனால் இதற்கு நான்கு முனை முறை என்று பெயர்.

எப்படி இது வேலை செய்கிறது? மின்னோட்டக் கம்பிகளிலும் அவற்றின் தொடுமுனைகளிலும் மின்னழுத்தம் இறங்கத்தான் செய்யும். இறங்கட்டும். நாம் அதை அளக்கப் போவதில்லை. மின்னழுத்தக் கம்பிகள் இரண்டையும் அந்தத் தொடுமுனைகளுக்கு உட்புறமாக, பொருளின் மேலேயே வைக்கிறோம். ஆகவே அந்த இரு புள்ளிகளுக்கு இடையிலுள்ள பொருளின் மின்னழுத்தம் மட்டுமே வோல்ட் மீட்டருக்குப் போகிறது.

'மின்னழுத்தக் கம்பிகளுக்கும் மின்தடை உண்டே! அவற்றிலும் பிழை வராதா?' என்று கூர்மையான மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. மின்தடை இருந்தால் மட்டும் மின்னழுத்தம் இறங்கிவிடாது, மின்னோட்டமும் இருந்தாக வேண்டும். மின்னணு வோல்ட் மீட்டரின் உள்மின்தடை குறைந்தது 10 லட்சம் ஓம் இருக்கும். பொருளில் உள்ள மின்னழுத்தம் 17 மில்லி வோல்ட் என்று கொண்டால், வோல்ட் மீட்டர் கம்பியில் ஓடும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் கோடிப் பங்கில் ஒன்றை எட்டிப் பிடிக்குமா என்பதே ஐயம். அந்தக் கம்பியின் மின்தடை 0.2 ஓம் ஆனாலும் சரி, 2 ஓம் ஆனாலும் சரி, அதில் இறங்கும் மின்னழுத்தம் நம் அளவியின் கண்ணுக்கே படாது. அண்டா தராசில் ஏறவில்லை!

நீங்களே செய்து பாருங்கள்

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டு, 2.5 வோல்ட் 0.3 ஆம்பியர் கைவிளக்கு பல்பு ஒன்று, பள்ளி ஆய்வுக்கூட அம்மீட்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, செம்புக் கம்பி 5 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக. இவை போதும். வீடு கட்டும் இடத்தில் மின்வேலை செய்பவரைக் கேட்டால் துண்டுக் கம்பி கிடைக்கும்.

கம்பியின் இரு நுனிகளிலும் மேலுறையைச் சீவுங்கள். ஒவ்வொரு நுனியிலிருந்தும் 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, இன்னோரிடத்திலும் சிறிது சீவுங்கள். உட்புறம் சீவிய இரண்டு இடங்களுக்கு இடையே சரியாக 5 மீட்டர் இருக்கட்டும். மின்கலங்கள், பல்பு, அம்மீட்டர், கம்பியின் வெளி நுனிகள் ஆகிய எல்லாவற்றையும் தொடராக இணையுங்கள். பல்பு எரியும், அம்மீட்டர் ஏறத்தாழ 0.3 ஆம்பியர் காட்டும். மல்டிமீட்டரை 200 மில்லி வோல்ட் அளவில் வைத்து, அதன் முனைகளை உட்புறம் சீவிய இடங்களில் வையுங்கள். 17 மில்லி வோல்ட் அளவில் ஓர் எண் வரும். அதை மின்னோட்டத்தால் வகுத்தால் 0.057 ஓமுக்கு அருகில் ஒரு விடை. இரும்பு மறுபடியும் செம்பானது!

இதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னும் மூன்று சோதனைகள் செய்யுங்கள். ஒன்று: வோல்ட் மீட்டர் பக்கம் ஒரு மீட்டர் கம்பியைக் கூடுதலாகச் சேருங்கள். அளவு மாறாது. இரண்டு: அதே கம்பியை மின்னோட்டப் பக்கம் சேருங்கள். மின்னோட்டம் சற்றுக் குறையலாம், மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும், வகுத்து வரும் விடை மாறாது. மூன்று: வோல்ட் மீட்டர் முனைகளை உட்புறத்திலிருந்து எடுத்து, வெளி நுனியில் உள்ள க்ளிப்புகளின் மேலேயே வையுங்கள். இப்போது அளவு உயரும். கூடுதலாகச் சீவிவைத்த 10 சென்டிமீட்டரின் பங்கு அதில் மிகச் சிறிது. மீதியெல்லாம் தொடுமுனையின் பங்கு. கண்ணுக்குத் தெரியாத பிழையை இப்போது எண்ணாகப் பிடித்துவிட்டீர்கள்.

ஓர் எச்சரிக்கை. கம்பியை மின்கலத்தோடு நேராக இணைக்காதீர்கள். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த பல்பு கட்டாயம் வேண்டும். வீட்டு மின்சாரத்தில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

பெரிய பிழை விலகியதும் அதன் நிழலில் நின்ற சிறு பிழைகள் தெரியத் தொடங்கும். அம்மீட்டரில் 0.01 ஆம்பியரைத் தவறாகப் படித்தால் விடையில் 3 சதவீதம் மாறும். அறை வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் செம்பின் மின்தடை ஏறத்தாழ 4 சதவீதம் கூடும். வேறு வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் வெப்பநிலை வேறுபட்டால் மிகச் சிறு மின்னழுத்தம் தானாகவே பிறக்கும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி இன்னொரு முறை அளந்து சராசரி எடுத்தால் அது நீங்கிவிடும். இவற்றையெல்லாம் ஏட்டில் எழுதுங்கள்.

இங்கே மீட்டர் சமனச் சுற்றைப் பற்றியும் ஒரு சொல். இரு இடைவெளிகளிலும் உள்ள சுருள்களை இடம் மாற்றி, மறுபடி அளந்து சராசரி எடுக்கச் சொல்கிறார்கள். மீட்டர் கம்பியின் இரு கோடிகளிலும் உள்ள மின்தடையால் வரும் பிழையைச் சமன்செய்யவே இந்த ஏற்பாடு. ஆனால் சுருளோடு சேர்ந்து இடம் மாறும் இணைப்புக் கம்பியின் மின்தடை இதனால் நீங்காது. அது சுருளோடு ஒட்டிக்கொண்டே வரும். அதற்குக் குட்டையான, தடித்த கம்பியும் சுத்தமான, இறுக்கிய திருகும்தான் மருந்து. எது எந்தப் பிழைக்கு மருந்து என்று தெரியாமல் சடங்கு போலச் செய்தால், சுருளை இடம் மாற்றியதில் கைவலிதான் மிச்சம்.

பிழையின் விலை

'மில்லி ஓம் அளவில் தவறினால் என்ன குடி முழுகிவிடும்?' என்று சிலர் நினைக்கலாம். இரண்டு எடுத்துக்காட்டுகள் சொல்கிறேன்.

தொழிற்சாலையின் மின்பலகையில் இரண்டு செம்புப் பட்டைகளைத் திருகி இணைத்திருக்கிறார்கள். அதன் வழியே 100 ஆம்பியர் ஓடுகிறது. இணைப்பின் மின்தடை ஒரு மில்லி ஓமில் பத்தில் ஒன்று என்றால், அங்கே உண்டாகும் வெப்பம் 1 வாட். தொட்டால்கூடத் தெரியாது. திருகு தளர்ந்து மின்தடை 10 மில்லி ஓம் ஆகிவிட்டால் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று அந்தத் திருகுக்குள் எரிவது போன்றது. மேலுறை கருகி நெருப்புப் பிடிக்க அது போதும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பி மல்டிமீட்டரால் சோதித்தால், நல்ல இணைப்புக்கும் 0.2 ஓம், ஆபத்தான இணைப்புக்கும் 0.2 ஓம். இரண்டும் ஒன்றே என்று சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்! இதனால்தான் இத்தகைய வேலைக்கு நான்கு முனைக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் க்ளிப்பைக் கவனித்துப் பாருங்கள். மேல் தாடையும் கீழ்த்தாடையும் ஒன்றையொன்று தொடாதபடி பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று மின்னோட்டத்துக்கு, மற்றது மின்னழுத்தத்துக்கு. 'கெல்வின் க்ளிப்' என்பது அதன் பெயர்.

இன்னொன்று, வெப்பநிலையை அளக்கும் பிளாட்டினம் உணர்வி. சுழி டிகிரியில் 100 ஓம் உள்ள வகை பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அதன் மின்தடை ஏறத்தாழ 0.385 ஓம் கூடும். தடுப்பூசிகள் வைக்கும் குளிர் அறையில் இதைப் பொருத்தி, 20 மீட்டர் தள்ளியுள்ள அளவியோடு அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் இணைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி. அதன் மின்தடை ஏறத்தாழ 1.4 ஓம். அதை அளவி மூன்றரை டிகிரி வெப்பம் என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்தால் கெட்டுப்போகும் தடுப்பூசிகளும் அவற்றில் உண்டு. அறை உண்மையில் சுழிக்குக் கீழே ஒரு டிகிரிக்குப் போயிருக்கும்போது, அளவி 2.5 டிகிரி என்று காட்டி 'எல்லாம் நலம்' என்று சொல்லும். அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளப் போகும் குழந்தைக்குக் கம்பியின் மின்தடை புறக்கணிக்கத்தக்கதா? மூன்று கம்பிகளோ நான்கு கம்பிகளோ கொண்டு இவ்வகை உணர்விகளை இணைப்பது இதனால்தான்.

என் கருத்து

இவ்வளவும் சொன்ன பிறகு, நான் வற்புறுத்த விரும்புவது இதுதான். நம் செய்முறை ஏட்டில் மின்தடை அளக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் 'இணைப்புக் கம்பியும் தொடுமுனையும்' என்று ஒரு பத்தி இருக்க வேண்டும். சோதனையைத் தொடங்குமுன் அதை அளந்து நிரப்ப வேண்டும். புறக்கணிக்கத்தக்கது என்றால், எத்தனை சதவீதம் என்பதனால் புறக்கணித்தேன் என்று மாணவரே எழுத வேண்டும். பாடநூல் விடைக்கு எவ்வளவு அருகில் வந்தது என்பதற்கு மட்டும் மதிப்பெண் தராமல், விடை ஏன் விலகியது என்று காரணம் கண்டதற்கும் மதிப்பெண் தர வேண்டும்.

'பாடத்திட்டமே முடியவில்லை, இதற்கு நேரம் ஏது?' என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு செய்முறை நடத்துபவரின் பாடு எனக்குத் தெரியும். ஆனால் முனைகளைச் சேர்த்துப் பிடித்து ஓர் எண்ணை எழுத அரை நிமிடம் போதும். விடை விலகும்போதெல்லாம் 'மறுபடி செய்' என்று சொல்லி வீணாகும் நேரத்தோடு பார்த்தால் அது பெரிதன்று.

'நல்ல விலைக்கு ஒரு கருவி வாங்கிவிட்டால் தீர்ந்தது' என்பவர்களும் உண்டு. அதை நான் ஒப்பமாட்டேன். எவ்வளவு விலை உயர்ந்த மீட்டரானாலும், இரண்டு கம்பியால் இணைத்தால் அது கம்பியையும் சேர்த்துத்தான் அளக்கும், இன்னும் நான்கு இலக்கங்கள் கூடுதலாகக் காட்டி நம்மை ஏமாற்றவும் செய்யும். மலிவான மீட்டரும் கைவிளக்கு பல்பும் நான்கு கம்பியோடு சேர்ந்தால் அதைவிட நேர்மையான விடை தரும். நம் பள்ளிகளுக்குக் கருவிப் பஞ்சம் இருக்கலாம். கருத்துக்குப் பஞ்சம் இருக்க வேண்டியதில்லை.

விடையைத் திருத்தும் பழக்கத்தை நான் இவ்வளவு வெறுப்பது ஏன் தெரியுமா? இன்று ஏட்டில் 0.3ஐ 0.057 ஆக்கும் கை, நாளை மின்பலகையின் முன் நிற்கப் போகும் கை. குளிர் அறையின் பதிவேட்டில் கையெழுத்திடப் போகும் கை. அங்கே ஒத்துப்பார்க்க எந்தப் பாடநூலிலும் விடை அச்சிட்டிருக்காது. அளவி சொல்வதைக் கேட்டு, அதில் எவ்வளவு பொருளுடையது, எவ்வளவு பாத்திரத்துடையது என்று பிரித்தறியும் பழக்கம் மட்டுமே துணைக்கு இருக்கும். அந்தப் பழக்கத்தை ஆய்வுக்கூடத்தில் பெறாவிட்டால் வேறெங்கே பெறுவது?

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும்போது, பொருளைத் தொடும் முன் இரு முனைகளையும் சேர்த்துப் பாருங்கள். வருகிற எண்ணை ஏட்டின் முதல் வரியில் எழுதுங்கள். விடை பாடநூலோடு பொருந்தாவிட்டால் அழிக்காதீர்கள். அதன் கீழேயே காரணத்தை எழுதி, உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.